அம்புக்குறி காட்டாத ஏற்றம்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் மருத்துவர் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்பார்: "நடுவில் நிற்காமல் எத்தனை மாடி ஏறுவீர்கள்?" எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்பதைவிட இந்தக் கேள்வியின் விடையே பல நேரங்களில் அவருக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. சமதரையில் நடக்கும்போது உடல் தன்னை முன்னோக்கி நகர்த்தினால் போதும். ஏறும்போதோ ஒவ்வோர் அடியிலும் தன் முழு எடையையும் மேலே தூக்கியாக வேண்டும். இதயமும் நுரையீரலும் கால் தசைகளும் எவ்வளவு வலிமையைக் கையிருப்பாக வைத்துள்ளன என்பது அங்கேதான் வெளிப்படும்.

இதே உண்மையைப் புதையல் தேடும் விளையாட்டு ஒன்றும் கற்றுத் தருகிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் சிறு பெட்டி ஒன்றைப் பொதுவெளியில் மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியின் துணையுடன் அதைத் தேடிச் செல்கின்றனர். கண்டெடுத்தவர் பெட்டிக்குள் உள்ள குறிப்பேட்டில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளே உள்ள சிறு பொம்மையையோ நாணயத்தையோ எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடான வேறொன்றை வைப்பது மரபு. வேறு பரிசு எதுவும் இல்லை.

நோய்க்கு முன் மலையேறிப் பழகியவர்கள், "இனி முடியுமா?" என்று தயங்குவதுண்டு. "வேண்டாம்" என்று தடுப்பதா, "போய் வாருங்கள்" என்று விடுவதா என அவர்தம் குடும்பத்தார் தவிப்பதும் உண்டு. செங்குத்தான மலைப்பாதை ஒன்றில் இந்த விளையாட்டை ஆடுவோர் எவற்றைக் கணக்கில் கொள்கின்றனர் என்பதை அறிந்தால், இரு சாராரும் அமர்ந்து பேசுவதற்குப் பொதுவான ஓர் அளவுகோல் கிடைக்கும்.

மே மாதத்தில் பிறந்த விளையாட்டு

ஜிபிஎஸ் எனப்படும் இடங்காட்டும் அமைப்பை அமெரிக்க அரசு நடத்துகிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் நேரக் குறிப்பை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகள் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, நம் கையிலுள்ள கருவி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. 2000ஆம் ஆண்டு வரை பொதுமக்களுக்குக் கிடைத்த குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை பிசகக்கூடும். அவ்வாண்டு மே 1 அன்று அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், அந்தப் பிழை நீக்கப்படும் என்று அறிவித்தார். மறுநாள் உலகெங்கும் உள்ள கருவிகள் ஒரே நேரத்தில் துல்லியமாயின.

மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் என்னும் ஊரருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இட எண்களை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் இதற்கெனத் தனி இணையதளம் தொடங்கப்பட்டது. இன்று உலகில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உள்ளன. இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1854இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் சென்றடைய முடியாத ஓரிடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்கு நடந்து வந்தவர்கள் தம் பெயர் அட்டைகளை அதில் இட்டுச் சென்றனர்.

இரண்டு தனித்தனி எண்கள்

ஒவ்வொரு பெட்டிக்கும் இரு மதிப்பெண்கள் தரப்படுகின்றன. இரண்டும் 1 முதல் 5 வரை செல்லும். முதலாவது, தேடிக் கண்டுபிடிப்பதன் கடினம். இரண்டாவது, அவ்விடத்தைச் சென்றடையும் வழியின் கடினம். வழிக்கு 1 என்று இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் அங்கு செல்லலாம். 5 என்று இருந்தால் பாறை ஏறும் கயிறோ படகோ போன்ற தனிக் கருவிகள் தேவைப்படும்.

இவ்விரு எண்களையும் கூட்டி ஒன்றாக்குவதில்லை. மலையுச்சியில் கண்முன்னே தெரியும்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதற்குக் கால்கள் உழைக்க வேண்டும், கண்ணுக்கு வேலையில்லை. பூங்காவின் சமதரையில், ஒரு வேலித்தூணின் மூடிக்குள் மற்றொரு பெட்டி மறைந்திருக்கலாம். அங்கு அறிவும் பொறுமையும் உழைக்க வேண்டும், கால்களுக்குச் சிரமமில்லை.

நோயுற்றவரின் ஆற்றலை நாம் இவ்வாறு பிரித்துப் பார்ப்பது அரிது. பக்கவாதத்துக்குப் பின் நடை தளர்ந்தவரிடம் வீட்டுக் கணக்கைப் பற்றியும் கலந்து பேசாமல் விட்டுவிடுகிறோம். மாறாக, நன்றாக நடக்கிறார் என்பதாலேயே, மறதி மிகுந்த முதியவரைத் தனியே வெளியே அனுப்பிவிடுகிறோம். உடலுக்கு எவ்வளவு, மனத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்கும் பழக்கம், ஒருவரால் இன்றும் இயல்வனவற்றை வெளிக்கொணரும்; எங்கே துணை தேவை என்பதையும் காட்டும்.

மவுண்ட் சை: 6.4 கிலோமீட்டரும் 320 மாடிகளும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் நார்த் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் பின்னே சுவர்போல் எழுந்து நிற்கிறது மவுண்ட் சை. உயரம் 1,270 மீட்டர். ஜியோகேச்சிங் இணையதளத்தை நடத்தும் நிறுவனம் சியாட்டிலில்தான் உள்ளது. எனவே இப்பகுதியின் மலைப்பாதைகளில் பெட்டி தேடி நடப்பவர்களைக் காண்பது புதுமையன்று.

மவுண்ட் சை பாதையின் நீளம், ஒரு வழிக்கு 6.4 கிலோமீட்டர். எண்ணை மட்டும் பார்த்தால், காலை நடைக்குப் பழகியவர் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த 6.4 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 960 மீட்டர் உயரம் ஏற வேண்டியுள்ளது. ஒவ்வொரு 100 மீட்டர் நடைக்கும் சராசரியாக 15 மீட்டர் ஏற்றம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் எனக் கொண்டால், இது 320 மாடிகள் ஏறுவதற்கு ஒப்பாகும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஓர் எளிய கணக்கைத் தந்தார். ஒவ்வொரு 3 மைல் நடைக்கும் ஒரு மணி நேரம். அதனுடன் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். நம் அளவில், 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நடைக்கு ஒரு மணி. 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. இதன்படி மவுண்ட் சை ஏற, தூரத்துக்கு 1 மணி 20 நிமிடமும், உயரத்துக்கு ஏறத்தாழ 1 மணி 35 நிமிடமும் ஆகும். செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி, தூரத்தைக் காட்டும் எண்ணில் இடம்பெறவே இல்லை. அதுவும் இந்தக் கணக்கு நல்ல உடல்நலம் உடையவர்க்கு. ஓய்வு நேரம் இதில் சேராது.

அம்புக்குறியின் குறை

பெட்டி தேடுவோரின் கருவியில் ஓர் அம்புக்குறியும் ஓர் எண்ணும் தெரியும். அம்புக்குறி பெட்டி இருக்கும் திசையையும், எண் அதன் தொலைவையும் காட்டும். சமவெளியில் இது போதுமானது. செங்குத்துச் சரிவில் இதுவே வழிதவறச் செய்யும். ஏனெனில், அது காட்டுவது வரைபடத்தில் கோடு இழுத்தாற்போன்ற நேர்த்தூரம். இடையில் உள்ள பாறையையும் பள்ளத்தையும் உயர வேறுபாட்டையும் அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை.

மலைப்பாதை நேராகச் செல்லாது. கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறும். வளைவுக்குப் பின் பாதை எதிர்த்திசையில் திரும்பும்போது, கருவியில் தூரம் குறைவதற்கு மாறாகக் கூடத் தொடங்கும். 120 மீட்டர் என்றிருந்தது 150 ஆகும், 200 ஆகும். நடப்பவரோ முன்னைவிட உயரத்தில் இருக்கிறார். இலக்கை நெருங்கிக்கொண்டும் இருக்கிறார். எண்ணை மட்டும் நம்பும் புதியவர்கள் இவ்விடத்தில்தான் பொறுமை இழக்கின்றனர். பாதையை விட்டு விலகி, அம்புக்குறி காட்டும் திசையில் நேரே சரிவில் ஏறத் துணிகின்றனர். தளர்ந்த மண்ணும் உருளும் கற்களும் உள்ள சரிவில் இது ஆபத்தானது. பாதைக்குக் கீழே நடந்து வருவோர்க்கும் ஆபத்தானது. பழகியவர்கள் தூரம் கூடுவதைக் கண்டு கலங்குவதில்லை. பாதை போகும் வழியிலேயே போகின்றனர்.

நெடுநாள் சிகிச்சையில் இருப்போர் இதைத் தம் அனுபவத்தால் அறிவர். மூட்டு மாற்று அறுவைக்குப் பின் உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில் வலி கூடுவதுண்டு. கீமோதெரபியின் நடுவே, தொடங்கிய நாளைவிடத் தளர்ச்சி மிகுவதுண்டு. இவை எல்லாம் பின்னடைவு என்று பொருளல்ல; வழியின் வளைவாகவும் இருக்கலாம். எது வளைவு, எது உண்மையிலேயே வழி தவறியது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும், விரைவில் குணமாக வேண்டிப் பயிற்சியை இரட்டிப்பாக்குவதும், பாதையை விட்டுச் சரிவில் ஏறுவதை ஒக்கும்.

கருவிக்கு இன்னொரு குறையும் உண்டு. திறந்த வானின் கீழ் நல்ல கைப்பேசியும் ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகலாம். அடர்ந்த மரங்களின் கீழும் பாறைச் சுவரின் அருகிலும் பிழை மேலும் கூடும். ஆகவே இலக்கை நெருங்கியதும், தேர்ந்தவர்கள் கருவியைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுகின்றனர். விதிப்படி பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது என்பதால் தோண்ட வேண்டியதில்லை. வேரின் இடுக்கு, கல்லின் பின்புறம், இயல்புக்கு மாறாக அடுக்கப்பட்ட குச்சிகள் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். கருவியைப் பார்த்தபடியே நடப்பதும் கூடாது. பார்க்க வேண்டுமானால் நிற்க வேண்டும். நடக்க வேண்டுமானால் பாதையைப் பார்க்க வேண்டும்.

மூச்சு சொல்லும் கணக்கு

உழைப்பின் அளவைத் தூரமோ எண்ணோ சரியாகச் சொல்லாவிட்டால் வேறு எது சொல்லும்? மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எளிய வழி பேச்சுச் சோதனை. நடந்துகொண்டே இயல்பாகப் பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது மிதமான உழைப்பு. மூச்சு வாங்காமல் சில சொற்களுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடும் உழைப்பு. உடல்நலம் தேறி வருபவர் எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதை முன்னதாகவே தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

நாடித்துடிப்பை மட்டும் நம்புவது எல்லோர்க்கும் பொருந்தாது. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தி வைக்கும். உடல் கடுமையாக உழைத்தாலும் கைக்கடிகாரத்தில் எண் உயராமல் இருக்கலாம். அம்புக்குறியைப் போலவே அதுவும் பாதி உண்மையையே சொல்லும்.

மவுண்ட் சை பாதை, 4,392 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் ரெய்னியர் சிகரத்தில் ஏற விரும்புவோரின் பயிற்சிக் களமாகவும் விளங்குகிறது. அத்தகைய மலையேறிகள் ஒரு நடைமுறையைக் கைக்கொள்கின்றனர். ஓர் அடி மேலே வைத்ததும், பின்காலை நேராக்கி, உடலின் எடையை அக்கால் எலும்பின் மீது தாங்கவிட்டு, ஒரு கணம் நிற்கின்றனர். அந்த ஒரு கணத்தில் தசை இளைப்பாறுகிறது. பின்னர் அடுத்த அடி. பார்ப்பதற்கு மிக மெதுவாகத் தோன்றும். ஆனால் விரைந்து ஏறி, மூச்சிரைத்து நின்று, மீண்டும் விரைபவரைவிட இவர் நெடுநேரம் ஏறுவார். வீட்டு மாடிப்படியிலும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் தங்கி இவ்வாறே ஏறலாம்.

மார்பில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், ஒழுங்கற்ற படபடப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நின்று, உட்கார்ந்து, உதவி நாட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

பாதி வழி என்பது உச்சியில்தான்

மவுண்ட் சை பாதை மலையின் உச்சி வரை செல்வதில்லை. சிகரத்துக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தாக்கைக் காணும் ஒரு பாறைவெளியில் அது முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நிற்பது, வைக்கோற்போர் என்று பொருள்படும் 'ஹேஸ்டாக்' என்னும் பாறைக் குன்று. கையும் காலும் ஊன்றி ஏற வேண்டிய அப்பாறையில் விபத்துகள் நேர்ந்துள்ளன. வருவோரில் பெரும்பாலோர் பாதை முடியும் இடத்திலேயே நின்று, காட்சியைக் கண்டு, திரும்பிவிடுகின்றனர். மலையேறவில்லை என்று அவர்களை யாரும் சொல்வதில்லை.

மேலும், மேலே சென்று சேர்ந்தபோது பயணத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது. இறங்குவது மூச்சுக்கு எளிது, கால்களுக்குக் கடினம். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் நீண்டபடியே எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியுள்ளது. பழக்கமில்லாதவர்க்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலி மிகுவது இதனால்தான். முழங்காலின் மீது விழும் சுமையும் கூடுகிறது. இரு கைகளிலும் ஊன்றுகோல் கொள்வது அச்சுமையைக் குறைக்கும். களைத்த கால்கள் தடுமாறுவதும் இறக்கத்தில்தான். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் தலையில் சிறு அடிபட்டாலும் மருத்துவரைக் காண வேண்டும் என்பதால், வழுக்கும் சரிவுகளைத் தவிர்ப்பதே நன்று.

எனவே, திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அந்நேரம் வந்ததும், பெட்டி கைக்கு எட்டும் தொலைவில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். பெட்டி அங்கேயே இருக்கும். இன்னொரு நாள் வரலாம்.

'கிடைக்கவில்லை' என்று எழுதும் வழக்கம்

பெட்டியைக் கண்டவர்கள் இணையதளத்தில் அதைப் பதிவு செய்வர். தேடியும் காணாதவர்களும் 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்வர். இதை யாரும் இழிவாகக் கருதுவதில்லை. தொடர்ந்து பலர் அவ்வாறு எழுதினால், பெட்டி மழையில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்று அதை வைத்தவர் உணர்ந்து, வந்து பார்த்துச் சரிசெய்வார். வெற்றிகளை மட்டும் எழுதியிருந்தால் அவருக்கு அது தெரிய வழியில்லை.

மருத்துவமனைக்கு வரும்போது நம்மில் பலர் 'முடிந்தது' என்பவற்றை மட்டுமே சொல்கிறோம். மருத்துவர் மனம் வருந்துவாரோ, குடும்பத்தார் அஞ்சுவாரோ என்று, நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டதையும் இரண்டாம் மாடியில் நின்றுவிட்டதையும் மறைத்துவிடுகிறோம். ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, எவ்வளவு தூரம், எத்தனை படி, எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று எழுதி வந்தால் மருத்துவர்க்கு அதுவே பெருந்துணை. 'முடியவில்லை' என்ற ஒரு வரி, மருந்தின் அளவை மாற்ற வேண்டும் என்பதற்கான முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

மருத்துவரின் இசைவுடன் குன்றுப் பாதையொன்றில் நடக்கச் சென்றால், உடன் செல்பவர் முன்னே நடக்க வேண்டாம். முன்னே செல்பவரை எட்டிப் பிடிக்கவே தளர்ந்தவர் முயல்வார். அவரை முன்னே விட்டு, அவர் வேகத்தில் பின்னே செல்லுங்கள். பேச்சுச் சோதனையும் தானே நடந்துவிடும். தண்ணீர், அன்றைய மருந்துகள், மருந்துப் பட்டியல் ஆகியவை கையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்க்கு இன்ஹேலரும், இன்சுலின் போடுபவர்க்குச் சர்க்கரையோ குளுக்கோஸோ அவசியம். நடை முடிந்து சில மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

மலைக்குச் செல்லும் நிலையில் இல்லாதவர்க்கும் இவ்விளையாட்டில் இடமுண்டு. வழிக்கு 1 என்ற எண் அவர்களுக்காகவே உள்ளது. இணையதளமும் கருவியும் இல்லாமலேயே அதை வீட்டில் ஆடலாம். மூடியுள்ள சிறு டப்பா ஒன்றில் ஒரு குறிப்பேட்டை இட்டு, வீட்டுக்குள்ளோ தோட்டத்திலோ தடுக்கி விழ வாய்ப்பில்லாத இடத்தில் பேரப்பிள்ளைகள் மறைத்து வைக்கட்டும். துப்பு ஒன்றை எழுதிக் கொடுக்கட்டும். இயன்முறை மருத்துவர் வகுத்த தூரத்துக்குள் பாட்டியோ தாத்தாவோ அதைத் தேடிக் கண்டுபிடித்து, தேதியிட்டுக் கையெழுத்திடட்டும். மறுநாள் மறைக்கும் முறை அவர்களுடையது. வழியின் எண் 1 ஆகவே இருக்கட்டும். தேடலின் எண்ணை அவரவர் விருப்பம்போல் 5 வரை உயர்த்திக்கொள்ளலாம்.

சில வாரங்களில் அக்குறிப்பேடு நிறையும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அதை உடன் எடுத்து வாருங்கள். எத்தனை மாடி ஏறுவீர்கள் என்று கேட்கும் மருத்துவர்க்கு, அதன் பக்கங்களைக் காட்டி விடை சொல்லலாம்.